சின்ன மிரர்லெஸ் கேமராவுக்கு போர்ட்ரெய்ட் லென்ஸ்: 45ஆ, 56ஆ, 75ஆ, இல்ல கையில இருக்கறதே போதுமா?

சின்ன மிரர்லெஸ் (உள்ள கண்ணாடி இல்லாம, லென்ஸ் மாத்தக்கூடிய கேமரா) வாங்கி ஆறு மாசம் ஆனதும் எல்லாரும் ஒரே இடத்துல வந்து மாட்டிக்கறாங்க. கேமராவோடயே வந்த கிட் லென்ஸ்ல எடுத்த முகம் நல்லாதான் இருக்கு, ஆனா பின்னாடி இருக்கற ஜன்னல், செடி, சுவிட்ச் போர்டு எல்லாம் முகத்துக்குப் போட்டியா அவ்ளோ ஷார்ப்பா வந்து நிக்குது. உடனே "பேக்ரவுண்ட் கரையற மாதிரி ஒரு லென்ஸ் சொல்லுங்க"ன்னு கேக்கறாங்க. நானும் அதே கேள்வியைக் கேட்டு, பதிலா கிடைச்ச 75 எம்எம் லென்ஸை வாங்கி, எங்க வீட்டு ஹால்ல முதுகு சுவத்துல இடிக்கற வரைக்கும் பின்னாடி போயும் ஒரு முழு ஆளை ஃப்ரேமுக்குள்ள கொண்டுவர முடியாம முழிச்சவன்தான். லென்ஸ் மேல ஒரு தப்பும் இல்ல, அருமையான லென்ஸ். நான் கேட்ட கேள்விதான் தப்பு.

அதனால லென்ஸ் பேருக்குப் போறதுக்கு முன்னாடி எதை வெச்சு அளக்கறதுன்னு பேசிடலாம். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ், அதை விடக் கொஞ்சம் பெரிய ஏபிஎஸ்-சி, இந்த ரெண்டு சென்சார் அளவுக்கும் சேர்த்தே சொல்றேன், சின்ன பாடின்னா பெரும்பாலும் இந்த ரெண்டுல ஒண்ணுதான்.

## எதை வெச்சு அளக்கறது

முதல்ல தூரம். முகம் எப்படித் தெரியும்னு முடிவு பண்றது லென்ஸ் இல்ல, நீங்க எவ்ளோ தள்ளி நிக்கறீங்கங்கறதுதான். முக்கால் மீட்டர்ல நின்னா எந்த லென்ஸா இருந்தாலும் மூக்கு முன்னாடி வரும், காது பின்னாடி போகும். ஒன்றரை மீட்டர்ல இருந்து ரெண்டரை மீட்டர் வரைக்கும் தள்ளி நின்னா முகம் நம்ம கண்ணுக்குப் பழகின மாதிரி வரும், பேச்சும் குடுக்கலாம். ரொம்ப தள்ளிப் போனா முகம் கொஞ்சம் தட்டையாகும், கூடவே எடுக்கறவங்ககிட்ட கத்திப் பேசணும், அப்ப சிரிப்பு எங்க இயல்பா வரும்? அந்தத் தூரத்துல நின்னு தோள்வரைக்கும் ஃப்ரேம் நிறையணும்னா எத்தனை எம்எம் வேணும்ங்கறதுதான் ஃபோகல் லெங்த் (லென்ஸ் பேர்ல வர்ற எம்எம், அது கூடக் கூட படம் நெருக்கமாகும்) கேள்வி, வேற ஒண்ணும் இல்ல.

ரெண்டாவது, நான் ஓட்டை அளவுன்னு சொல்றது. ஃபோகல் லெங்த்தை எஃப் நம்பரால (லென்ஸ் எவ்ளோ திறக்கும்னு சொல்ற நம்பர், சின்னதா இருந்தா அதிகம் திறக்கும்) வகுங்க, அவ்ளோதான். 45 எஃப் 1.8னா 25 மில்லிமீட்டர். இந்த நம்பருக்கு ஒரு அழகான அர்த்தம் இருக்கு: ரொம்ப தூரத்துல ஒரு சின்ன விளக்கு எரிஞ்சா, படத்துல அது முகத்துக்குப் பக்கத்துல 25 மில்லிமீட்டர் அகல வட்டமாத் தெரியும், அதாவது முகத்தோட அளவுல பாத்தா கிட்டத்தட்ட ஒரு கண்ணோட அகலத்துக்கு. சென்சார் சின்னதா பெருசாங்கறது இந்தக் கணக்குக்குள்ள வரவே வராது. "சின்ன சென்சார்ல பொக்கே (பேக்ரவுண்ட் கரையறது) வராது"ன்னு சொல்றவங்ககிட்ட இந்த ஒரு வகுத்தலைக் காமிச்சாப் போதும்.

ஆனா இது பேக்ரவுண்ட் ரொம்ப தூரத்துல இருந்தாத்தான். ஆளுக்குப் பின்னாடி ஒரு மீட்டர்லயே சுவர் இருந்தா 45 எஃப் 1.8ல தோள்வரை எடுக்கும்போது அந்த 25, பத்து மில்லிமீட்டருக்குக் கீழ இறங்கிடும். அதே இடத்துல 56 எஃப் 1.4 போட்டா 16 வரும். சரி, லென்ஸ் மாத்தாம ஆளை மட்டும் சுவத்துல இருந்து 4 மீட்டர் முன்னாடி இழுத்து நிறுத்துங்க, 45லயே 18 வந்துடும். சுவத்தை ஒட்டி நிக்க வெச்ச காஸ்ட்லி லென்ஸை, ஆளைத் தள்ளி நிறுத்தத் தெரிஞ்ச சின்ன லென்ஸ் ஜெயிச்சிடுது.

மூணாவது வெளிச்சம். வீட்டுக்குள்ள ராத்திரி எஃப் 5.6ல 1/20 செகண்ட் கேக்கற இடத்துல எஃப் 1.8 இருந்தா 1/200 கிடைக்கும், கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம். கேமராவுக்குள்ள ஸ்டெபிலைசேஷன் இருக்கேன்னு நினைக்காதீங்க, அது உங்க கை ஆட்டத்தைத்தான் நிறுத்தும், குழந்தை தலையைத் திருப்பறதை நிறுத்தாது.

நாலாவது எடை. சின்ன கேமரா எதுக்கு வாங்கினீங்க? கூடவே எடுத்துட்டுப் போக. பாடியை விட லென்ஸ் கனமாப் போச்சுன்னா அது அலமாரியில உக்காந்துடும், எனக்குத் தெரிஞ்சு இதுல யாரும் தப்பிக்கல.

மறைமுக செலவு, அதாவது ஹூட் (பக்கவாட்டு வெளிச்சத்தை மறைக்கற வளையம்), ஃபில்டர், அடாப்டர் மாதிரி சமாச்சாரமெல்லாம் அந்தந்த லென்ஸ் வரும்போது சொல்றேன்.

## ஒரே பார்வையில

தூரக் கணக்கு நான் போட்டது, கேமராவை நெட்டுக்குத்தா பிடிச்சு, தோள்வரைன்னா 60 சென்டிமீட்டர் உயரம், முழு ஆள்னா 2 மீட்டர் உயரம் ஃப்ரேமுக்குள்ள வர்ற மாதிரி.

| லென்ஸ் | எடை | தோள்வரைக்கு நிக்க வேண்டிய தூரம் | முழு ஆளுக்கு | ஓட்டை அளவு |
|---|---|---|---|---|
| கிட் 14-42, 42 எஃப் 5.6ல (மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ்) | ஏற்கனவே இருக்கு | 1.5 மீ | 4.9 மீ | 7.5 மிமீ |
| ஒலிம்பஸ் 40-150, 150 எஃப் 5.6ல | 190 கிராம் | 5.4 மீ | 17.5 மீ | 27 மிமீ |
| ஒலிம்பஸ் 45 எஃப் 1.8 | 116 கிராம் | 1.6 மீ | 5.2 மீ | 25 மிமீ |
| பானசோனிக் 42.5 எஃப் 1.7 | 130 கிராம் | 1.5 மீ | 5 மீ | 25 மிமீ |
| சோனி 50 எஃப் 1.8 ஓஎஸ்எஸ் (ஏபிஎஸ்-சி) | 202 கிராம் | 1.3 மீ | 4.3 மீ | 28 மிமீ |
| ஃபுஜி 50 எஃப் 2 (ஏபிஎஸ்-சி) | 200 கிராம் | 1.3 மீ | 4.3 மீ | 25 மிமீ |
| சிக்மா 56 எஃப் 1.4 (ஏபிஎஸ்-சி பாடியில) | 280 கிராம் | 1.5 மீ | 4.8 மீ | 40 மிமீ |
| ஒலிம்பஸ் 75 எஃப் 1.8 | 305 கிராம் | 2.7 மீ | 8.7 மீ | 42 மிமீ |

வாங்கறதுக்கு முன்னாடி ஒரு டேப்பை எடுத்து நீங்க அதிகமா படம் எடுக்கற ரூமை அளந்து பாருங்க. ஆள் நிக்க, நீங்க நிக்க, ஆளுக்குப் பின்னாடி கொஞ்சம் இடம், எல்லாம் சேர்த்து. பாதி முடிவு அங்கேயே ஆயிடும்.

## எதுவும் வாங்காம இருக்கறது

சிரிக்காதீங்க, இதுவும் ஒரு ஆப்ஷன்தான். அட்டவணையில ரெண்டாவது வரியைப் பாருங்க. ரெண்டு லென்ஸ் கிட்டோட வந்த 40-150ஐ பலபேர் பறவை எடுக்கறதுக்குன்னு நினைச்சு உள்ள வெச்சிருப்பாங்க. அதை 150ல வெச்சு எஃப் 5.6ல எடுத்தா ஓட்டை அளவு 27, 45 எஃப் 1.8ஐ விட ஒரு சொட்டு அதிகம்! சோனி 55-210 இருந்தா 210 எஃப் 6.3ல 33 வருது. வெட்டவெளியில, பின்னாடி மரமெல்லாம் நல்லாத் தள்ளி இருந்தா, அந்த பிளாஸ்டிக் ஜூம் குடுக்கற படத்தைப் பாத்து என்ன லென்ஸ்னு கேப்பாங்க.

இதுல என்ன சிக்கல்னா நீங்க அஞ்சரை மீட்டர் தள்ளி நிக்கணும், வெளிச்சம் நல்லா இருக்கணும், பேக்ரவுண்ட் தூரத்துல இருக்கணும். சுவர் பக்கத்துல இருந்தா இந்த ஜூம் கிட்டத்தட்ட ஒண்ணும் கரைக்காது. வீட்டுக்குள்ள மறந்துடுங்க. வெளியில மட்டும் எடுக்கறவங்க, அதுவும் கேமரா பக்கத்துல வந்தாலே முகம் இறுகிப்போற ஆளுங்களை எடுக்கறவங்க, முதல்ல இதை ரெண்டு வாரம் முயற்சி பண்ணிட்டு அப்புறம் காசை எடுங்க.

கிட் லென்ஸும் ஒரு வேலைக்கு ஆகும். 14-42ஐ 42ல நிறுத்தி, ஏபிஎஸ்-சின்னா 16-50ஐ 50ல நிறுத்தி, ஒரு வாரம் ஜூமைத் தொடாம எடுங்க. 45 அல்லது 50 ப்ரைமோட (ஜூம் இல்லாத லென்ஸோட) ஃப்ரேம் இதுதான். இந்தத் தூரம் உங்களுக்கு ஒத்துவருதா, நெருக்கறாப்புல இருக்கான்னு ஓசியில தெரிஞ்சிடும்.

## சின்ன ப்ரைம்: 45, 42.5, 50

என்கிட்ட யாராவது ஒரே ஒரு பதில் சொல்லுன்னா நான் கையைக் காட்டறது இங்கதான். ஒலிம்பஸ் 45 எஃப் 1.8 வந்தது 2011ல, இன்னைக்கும் இதுக்கு மேல சின்ன பாடிக்குப் பொருத்தமான போர்ட்ரெய்ட் லென்ஸ் சொல்றது கஷ்டம். 116 கிராம், பாக்கெட்ல போட்டா இருக்கறதே தெரியாது. 1.6 மீட்டர்ல நின்னு தோள்வரை எடுக்கலாம், முகத்துக்கு நல்ல தூரம், பேசறதுக்கும் நல்ல தூரம். முழுசாத் திறந்து வெச்சாலும் ஃபோகஸ்ல இருக்கற ஆழம் சுமாரா 6-7 சென்டிமீட்டர் இருக்கும், அதனால முகத்தைக் கொஞ்சம் திருப்பி வெச்சிருந்தாலும் ரெண்டு கண்ணும் ஷார்ப்பா வந்துடும். இது ஒரு குறைன்னு சிலபேர் சொல்றாங்க, "ஃபுல் ஃப்ரேம் கணக்குல எஃப் 3.6தானே"ன்னு (ஃபுல் ஃப்ரேம்னா இதை விடப் பெரிய, பழைய ஃபிலிம் அளவு சென்சார்). ஆழத்தைப் பொறுத்தவரைக்கும் உண்மைதான், ஆனா முகம் எடுக்கறவனுக்கு ரெண்டு கண்ணும் தெளிவா இருக்கறது எப்பலேர்ந்து குறையாச்சுன்னு எனக்குப் புரியல.

பானசோனிக் 42.5 எஃப் 1.7 இதோட பங்காளி. ரெண்டுக்கும் நடுவுல எப்படி முடிவு பண்றது? உங்க பாடிக்குள்ள ஸ்டெபிலைசேஷன் இல்லன்னா, பானசோனிக் ஜிஎம்1 மாதிரி குட்டி பாடின்னா, பானசோனிக்தான், அதுக்கு லென்ஸுக்குள்ளயே ஸ்டெபிலைசேஷன் இருக்கு. இன்னொண்ணு, இது 31 சென்டிமீட்டர் வரைக்கும் நெருங்கி ஃபோகஸ் பண்ணும், ஒலிம்பஸ் அரை மீட்டர்ல நின்னுடும். கைக்குழந்தையோட விரல், பாட்டியோட கை, கண் மட்டும்னு நெருக்கமா எடுக்கறவங்களுக்கு இந்த 19 சென்டிமீட்டர் பெரிய விஷயம். பாடியில ஸ்டெபிலைசேஷன் இருந்து, நெருக்கமா எடுக்கற பழக்கமும் இல்லன்னா எது கிடைக்குதோ அதை வாங்குங்க, ராத்திரி பூரா உக்காந்து டெஸ்ட் படம் பாத்து கண்ணைக் கெடுத்துக்காதீங்க.

ஏபிஎஸ்-சில இதே இடத்துல சோனி 50 எஃப் 1.8 ஓஎஸ்எஸ், ஃபுஜி 50 எஃப் 2. சோனி ஏ6000, ஏ6400 மாதிரி பாடிகள்ல ஸ்டெபிலைசேஷன் கிடையாது, அதனால அந்த ஓஎஸ்எஸ், அதாவது லென்ஸுக்குள்ள இருக்கற ஸ்டெபிலைசேஷன், சும்மா ஒட்டின ஸ்டிக்கர் இல்ல, அசையாம உக்காந்திருக்கற ஆளை மங்கின வெளிச்சத்துல எடுக்கும்போது நிஜமாவே கை குடுக்கும். ஃபுஜி 50 எஃப் 2க்கு தூசி, மழைத்தூறல் தாங்கற சீல் உண்டு, 39 சென்டிமீட்டர் வரைக்கும் நெருங்கும், ஆனா எஃப் 2ங்கறதால வெளிச்சம் ஒரு துளி கம்மி.

மறைமுக செலவு இங்க ரொம்பக் கம்மி. ஒலிம்பஸ் 45க்கு பெட்டிக்குள்ள ஹூட் வராது, தனியா வாங்கணும், வேற கம்பெனிக்காரங்க செய்யற ஹூட் போட்டாலும் ஒண்ணும் ஆகாது. ஃபில்டர் 37 மிமீ, சின்னது, அதனால செலவும் சின்னது.

## 56 எஃப் 1.4

சிக்மா 56 எஃப் 1.4 2018ல சோனிக்கும் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸுக்கும் வந்தது, அப்புறம் ஃபுஜி, நிக்கான் இசட்னு மத்த மவுண்டுக்கும் (பாடியில லென்ஸ் மாட்டற வகை) வந்துடுச்சு. 40 மில்லிமீட்டர் ஓட்டை, அதுவும் 280 கிராம்லயேங்கறதுதான் இதோட கவர்ச்சி. நின்ன இடத்துல இருந்தே, அதாவது ஏபிஎஸ்-சில அதே ஒன்றரை மீட்டர்லயே, பேக்ரவுண்ட் 45ஐ விட ஒன்றரை மடங்குக்கு மேல கரையும். இடம் இல்லாத ரூம்ல, சுவர் பக்கத்துல இருக்கற இடத்துல ப்ளர் வேணும்னா வேற சுலபமான வழி இல்ல.

ஆனா இங்க கணக்கு கறாராகும். தோள்வரை எடுக்கும்போது எஃப் 1.4ல ஃபோகஸ் ஆழம் சுமாரா 4 சென்டிமீட்டர்தான். முகத்தை முக்கால்வாசி திருப்பினா ஒரு கண்ணுக்கும் இன்னொரு கண்ணுக்கும் நடுவுலயே அவ்ளோ தூரம் வந்துடும். கண்ணைப் பிடிச்சு ஃபோகஸ் பண்ற புது பாடின்னா பரவால்ல, பழைய பாடின்னா இமை முடி ஷார்ப்பாவும் கண்மணி மங்கலாவும் வர்ற படங்கள் குவியும், அப்புறம் நீங்களே எஃப் 2.2ல வெச்சு எடுக்க ஆரம்பிப்பீங்க, அப்ப எதுக்கு இந்த எடையைத் தூக்கினோம்னு யோசனை வரும்.

வெயில் இன்னொரு தொல்லை. ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கு சென்சார் காட்டற உணர்திறன்) 200ல நல்ல வெயில்ல எஃப் 1.4ல எடுக்கணும்னா ஷட்டர் 1/26000 கிட்ட கேக்கும், சின்ன பாடிகள்ல நிறைய 1/4000தோட நின்னுடும். எலக்ட்ரானிக் ஷட்டர்ல போகலாம், ஆனா ஆள் சட்டுனு அசைஞ்சா உருவம் சாயும், லைட் வெளிச்சத்துல பட்டை பட்டையா வரும். இல்லன்னா வெளிச்சத்தைக் குறைக்கற என்டி ஃபில்டர் வாங்கணும், 55 மிமீ சைஸ்ல. ஃபில்டர் இல்லாம மெக்கானிக்கல் ஷட்டர்லயே இருந்தா அந்த வெயில்ல எஃப் 3.5 பக்கம் மூடித்தான் ஆகணும், அப்ப கிட் லென்ஸோட கொஞ்சம் நல்ல தம்பி மாதிரி ஆயிடும்.

லென்ஸுக்குள்ள ஸ்டெபிலைசேஷன் கிடையாது, இதை ஏ6000 வெச்சிருக்கறவங்க ஞாபகம் வெச்சுக்கங்க. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் பாடியில போட்டா தோள்வரைக்கு 2 மீட்டர், முழு ஆளுக்கு ஆறரை மீட்டர் ஆயிடும், அது வேற லென்ஸ் மாதிரிதான் நடந்துக்கும். யாருக்கு இது சரின்னா, ஏபிஎஸ்-சி பாடி, கண் ஃபோகஸ் நல்லா இருக்கு, சாயங்காலத்துக்கு மேலயோ வீட்டுக்குள்ளயோதான் அதிகம் எடுக்கறீங்க, ஒரே ஆளை எடுக்கறீங்க, குரூப் இல்ல. இந்த நாலும் சேர்ந்தா கண்ணை மூடிட்டு வாங்கலாம்.

## நீளமான லென்ஸ்: 75 எஃப் 1.8, இல்ல 85

நான் மாட்டிக்கிட்டது இங்கதான்னு சொன்னேன் இல்லையா. ஒலிம்பஸ் 75 எஃப் 1.8 உலோக பாடி, ஷார்ப்னஸ் பத்தி குறை சொல்ல ஆளே இல்ல. ஆனா முழு ஆளுக்கு 8.7 மீட்டர்! அவ்ளோ நீளமான ஹால் யார்கிட்ட இருக்கு? கிட்டக்க போகலாம்னா 84 சென்டிமீட்டருக்குள்ள ஃபோகஸ் ஆகாது. இதுக்கும் ஹூட் தனி. லென்ஸுக்குள்ள ஸ்டெபிலைசேஷன் இல்ல, 75ல கை ஆட்டம் நல்லாவே தெரியும்.

மேடையில பேசறவங்க, ஆடறவங்க, பார்க்ல தூரத்துல விளையாடற குழந்தைகள்னு கிட்டப் போக முடியாத இடங்கள்தான் இதுக்கு வேலை. அங்க இது ராஜா. நான் என்னோடதை விக்கல, ஆனா அது எனக்கு ரெண்டாவது போர்ட்ரெய்ட் லென்ஸா வந்திருக்கணும்.

ஏபிஎஸ்-சிக்காரங்க ஃபுல் ஃப்ரேம் 85 எஃப் 1.8 வாங்கலாமான்னு கேக்கறாங்க, "நாளைக்கு ஃபுல் ஃப்ரேம் போனா கூட வரும்"னு. சோனி 85 எஃப் 1.8 371 கிராம், ஏ6000 பாடியே 344 கிராம்தான். அந்த நாளை வர்றப்போ அதுக்கு ஏத்த லென்ஸை அப்ப பாத்துக்கலாம், அதுவரைக்கும் ஒவ்வொரு நாளும் கழுத்துல தொங்கறது இன்னைக்கு இருக்கற கேமராதானே.

## கொஞ்சம் அகலம்: 25, 35

போர்ட்ரெய்ட்னா முகம் மட்டும் இல்லன்னு நினைக்கறவங்களுக்கு. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ்ல 25, ஏபிஎஸ்-சில 35. தோள்வரை எடுக்கப் போனா 90 சென்டிமீட்டர் கிட்ட வரணும், மூக்கு வீங்கின மாதிரி வரும், அதனால அப்படி எடுக்காதீங்க. இடுப்பு வரைக்கும் எடுங்க, ஒன்றரை மீட்டர் கிடைக்கும், முகம் அழகா வரும், முழு ஆளும் 3 மீட்டர்ல அடங்கும். சமையல் பண்ணிட்டிருக்கற அம்மா, பட்டறையில வேலை பாக்கற ஆள், இவங்களை இடத்தோட சேத்து எடுக்கறவங்களுக்கு 45ஐ விட இதுதான். ஒரே லென்ஸ்தான் வாங்க முடியும், ரூமும் சின்னதுன்னாலும் இதையே சொல்வேன், ஏன்னா முகம் எடுக்காத நாள்லயும் கேமராவுல மாட்டியே இருக்கும்.

## எஃப் 1.2

சின்ன பாடிக்கு வேண்டாம். பானசோனிக்கோட நாக்டிக்ரான் 42.5 எஃப் 1.2 425 கிராம், 67 மிமீ ஃபில்டர், அதை 204 கிராம் ஜிஎம்1ல மாட்டினா லென்ஸுக்குப் பின்னாடி கேமராவை மூடி மாதிரி ஒட்டினாப்புல இருக்கும். ஓட்டை அளவு 35, அதாவது 280 கிராம் சிக்மாவோட 40ஐ விடக் கம்மி. பெரிய கிரிப் இருக்கற பாடி, காசுக்காக எடுக்கற வேலைன்னா அது வேற கதை.

## பழைய மேனுவல் லென்ஸ்

ஆசை இருக்கு, பட்ஜெட் இல்லங்கறவங்க கடைசியா வந்து நிக்கற இடம். சோவியத் காலத்து ஹீலியோஸ் 44-2, 58 எஃப் 2, திருகி மாட்டற எம்42 மவுண்ட், அதனால நம்ம பாடியில அடாப்டர் போட்டுத்தான் மாட்டணும். ஓட்டை அளவு 29, பேக்ரவுண்ட் சுழல் மாதிரி சுத்தி வர்றதுதான் இதோட பேர். அடாப்டர் உள்ள கண்ணாடியே இல்லாத வெறும் குழாய்தான், அதனால மட்டமான அடாப்டர்னாலும் ஷார்ப்னஸ் பெருசா கெடாது, ஆனா லூசா இருந்தா ஃபோகஸ் திருப்பும்போது லென்ஸே ஆடும். அந்த சுழல் ஃப்ரேமோட ஓரத்துலதான் அதிகம் தெரியும், சின்ன சென்சார் ஓரத்தை வெட்டிடறதால நெட்ல பாத்த அளவுக்கு வராது, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ்ல இன்னும் கம்மி. இதைச் சொல்லாம விக்கறாங்க.

வாங்கும்போது லென்ஸை டார்ச் வெளிச்சத்துக்கு எதிரா பிடிச்சு உள்ள பாருங்க, நூல் நூலா, சிலந்தி வலை மாதிரி தெரிஞ்சா பூஞ்சை, விட்டுடுங்க. அப்பர்ச்சர் இதழ்ல எண்ணெய்ப் பசை இருக்கா, ஃபோகஸ் ரிங் கல்லு மாதிரி இறுகியிருக்கான்னு பாருங்க. வீட்டுக்கு வந்து மாட்டினதும் ஷட்டர் அமுங்கலன்னா பயப்படாதீங்க, லென்ஸ் இல்லாம ஷட்டர் விடற செட்டிங் மெனுவுல ஆஃப்ல இருக்கும், அதை ஆன் பண்ணணும். பாடியில ஸ்டெபிலைசேஷன் இருந்தா 58ன்னு கையால நம்பரைக் குடுக்கணும், குடுக்கலன்னா கேமராவுக்கு எவ்ளோ திருத்தறதுன்னே தெரியாது. ஃபோகஸ் பீக்கிங்கை (ஷார்ப்பான ஓரங்களைக் கலர்ல காட்டற வசதி) மட்டும் நம்பாதீங்க, எஃப் 2ல அது கன்னத்தையும் கண்ணையும் ஒண்ணா மின்ன வைக்கும், கண்ணைப் பெருசு பண்ணிப் பாத்து ஃபோகஸ் வையுங்க. உக்காந்து பேசிட்டிருக்கற பெரியவங்களை எடுக்க இது சுகமான லென்ஸ். ரெண்டு வயசுக் குழந்தைய எடுக்கப் போறீங்கன்னா மேல 45க்கே திரும்பப் போயிடுங்க.